வில்லும் ஷல்லும் மானேஜர் வேலையும்

ஆம்பூர்,
1912 மார்ச்சு

கர்த்தருக்குள் மிகவும் கனம்பொருந்திய மாமா அவர்களுக்கு, மருமகன் தானியேல் பணிவோடு எழுதுவது. இங்கே நான் சுகம், என் சமையலை நானே சாப்பிடும் நேரம் தவிர. வாலாஜாபேட்டையில் தாங்களும் அத்தையும் என் மனைவி மரியம்மாளும் சுகமென்று நம்புகிறேன்.

"மானேஜர் ஆகாதவனுக்கு என் பெண் சோறாக்க மாட்டாள்" என்று அவளைக் கூட்டிப் போனீர்களே, ஆகிவிட்டேன் மாமா! எங்கள் தோல் மண்டியில் முன்பு இருந்த குமாஸ்தாவுக்கு இங்கிலீஷில் நிகழ்காலம் மட்டுந்தான் தெரியும். தோல் இன்னும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்க, "ரெடி" என்று தோல் வாங்க வந்த வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிவிட்டான். துரை தொட்டியை எட்டிப் பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெட்ராஸ் ரயிலேறிவிட்டார். முதலாளி நசீர் அகமது சாயபு என்னைக் கூப்பிட்டு, "இன்னா தானியேலு, பொய் சொன்னா பேஜாரு. இனிமே நடக்கப்போறத மட்டும் பேசு. துரை கையெழுத்துப் போட்டா நீதான் மானேஜர்" என்றார். அன்றே இலக்கணப் புத்தகத்தைப் பிடித்தேன். நம்மிடம் வருவேன், வருவாய், வருவாள் என்று ஆளுக்கொரு வால். அவர்களுக்கோ வினைக்கு முன்னால் ஒரு வில்லோ ஷல்லோ நிறுத்தினால் போதும், எதிர்காலம் வந்துவிடுகிறது! சாயபுவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். எது யாருக்கு என்ற பக்கத்தை மட்டும் சாவகாசமாகப் படிக்கலாமென்று விட்டுவைத்தேன்.

நேற்று அதே துரை வந்தார். "யூ ஷல் பை ஆல் தி ஸ்கின்ஸ். ஐ வில் நாட் லீவ் யூ" என்றேன். வாங்குவீர்கள் என்று மரியாதையாகச் சொன்னதாகத்தான் என் எண்ணம். வில்லையும் ஷல்லையும் ஆள் மாற்றிப் போட்டதில், வாங்கித்தான் தீரவேண்டும், விடமாட்டேன் என்று அதட்டியிருக்கிறேன்! துரை முகம் சிவந்தது. அப்புறம் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த ஜில்லாவில் தன்னை அதட்டி விற்றவன் நான் ஒருவன்தான் என்று சொல்லி, தொட்டித் தோல் பூராவுக்கும் கையெழுத்துப் போட்டார்! சாயபு என்னைக் கட்டிக்கொண்டார். இந்தக் கடிதத்தை முடித்ததும் போய் நாற்காலியில் உட்காரவேண்டியதுதான் பாக்கி.

ஆகையால் மரியம்மாளை உடனே ரயிலேற்றுங்கள். மானேஜர் மனைவி மூட்டை தூக்கக்கூடாது. துணைக்கு ஆள் வேண்டும். அத்தைக்கு ஸ்தோத்திரம். சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. பெண் மட்டும் தங்க வேண்டாம்.

தங்கள் மானேஜர் மருமகன்,
தானியேல்

பின்குறிப்பு: நாற்காலி எங்கே என்று சாயபுவிடம் கேட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். "யூ வில் பீ மானேஜர்" என்றார் சாயபு, இங்கிலீஷில்! "எப்போ சாயபு?" என்றேன். "இன்னாப்பா, நீதானே சொல்லிக் குடுத்தே? வில்லுன்னா இன்னிக்கி இல்லேன்னுதானே அர்த்தம்?" என்று போய்விட்டார். மாமா, அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை. பதிலில் தயவுசெய்து "அனுப்புவேன்" என்று எழுதாதீர்கள். "அனுப்பிவிட்டேன்" என்று எழுதுங்கள்.