கழிப்பறை நாட்காட்டியில் ஒரு பெயர்

எங்களைவிட அதிகமாக டச்சுக்காரர்களாகிவிடும் ஓர் இனம் உண்டு. ஒவ்வொரு செப்டம்பரிலும் இரண்டு பெட்டிகளோடு எங்கள் ஊரான குரோனிங்கன் ரயில் நிலையத்தில் வந்து இறங்கும். நவம்பருக்குள் எங்களுக்கே நெதர்லாந்தைப் பற்றிப் பாடம் நடத்தும்.

ஜார்ஜியாவிலிருந்து படிக்க வந்த தோர்னிகே இந்த இனத்தின் உயர்ந்த ரகம். அவன் வீட்டில், வழி கேட்டு வந்தவனைக்கூடச் சாப்பிடவைத்துத்தான் அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்தையெல்லாம் அவன் திபிலிசி விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தான். வந்தவர் காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவான், கொட்டுகிற மழையில் கோட்டில்லாமல் சைக்கிள் மிதித்து, தொப்பலாக நனைந்து வந்து நின்று, "இதெல்லாம் ஒரு மழையா?" என்பான், பிறந்தநாள் வீட்டில் வட்டமாகப் போட்ட நாற்காலிகளை ஒரு சுற்றுச் சுற்றி, பிறந்தநாள்காரியின் அம்மா, மாமா, மாமாவின் இரண்டாவது மனைவி என்று அத்தனை பேருக்கும் கைகொடுத்து வாழ்த்துவான். ஒருமுறை நாயையும் வாழ்த்தினான். யாராவது முடிவெட்டிக்கொண்டு வந்தால், "நல்லா இல்ல" என்பான். யாராவது கேட்டார்களா? இல்லை.

இத்தனையும் எதற்கு? கழிப்பறைக்காக.

எங்கள் நாட்டின் எல்லா வீடுகளையும் போல அவன் குடியிருந்த வீட்டிலும், வருடம் மாறினாலும் மாற்றாத பிறந்தநாள் நாட்காட்டி கழிப்பறையில்தான் தொங்கியது. கூடக் குடியிருந்த டச்சுக்காரர்கள் வீட்ஸ்கேயும் யெல்மரும் தங்களுக்கு வேண்டியவர்களின் பெயர்களையெல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். பல் மருத்துவர்கூட இருந்தார். தோர்னிகேயின் பிறந்தநாளான நவம்பர் பதினான்கு காலியாகவே கிடந்தது. தானே எழுதிக்கொள்ளலாமா? அசல் டச்சுக்காரன் செய்யமாட்டான். தினமும் உள்ளே போவான், பார்ப்பான், வெளியே வருவான்.

பக்கத்து அறைக்கு கானாவிலிருந்து அபேனா வந்தாள். மூன்றாவது வாரம் வாழைப்பழம் வறுத்துத் தட்டில் எடுத்து வந்தவளுக்கு அவன் பாடம் எடுத்தான்.

"யார் கதவையும் சும்மா போய்த் தட்டிடாதே. ரெண்டு வாரம் முன்னாடியே கேக்கணும். டைரில எழுதணும்."

"நடுவுல பசிச்சா?"

"பசிக்கும் திட்டம் வேணும்."

"உன் திட்டத்துல வாழைப்பழம் இல்ல போல," என்று அபேனா தட்டோடு போய் வீட்ஸ்கேயின் கதவைத் தட்டினாள். மறுநாள் நாட்காட்டியில் அபேனாவின் பெயர் இருந்தது. தோர்னிகே வெகுநேரம் கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை.

பதினான்காம் தேதியும் வந்தது. காலையில் யாரும் வாழ்த்தவில்லை. மாலை ஐந்தரைக்கு வீட்ஸ்கே அவன் கதவைத் தட்டினாள். கீழேயிருந்து பட்டாணி சூப்பின் மணம் ஏறி வந்தது.

"கீழ வாயேன். சூப் வெச்சிருக்கோம்."

அவன் வயிறு எழுந்து நின்றது. மூளை அதைப் பிடித்து உட்காரவைத்தது: இது சோதனை. டைரியைப் புரட்டினான்.

"இன்னிக்கா? முன்னாடியே சொல்லலையே. இருபத்தொண்ணாம் தேதி, ஆறு மணிலேர்ந்து ஏழரை வரைக்கும் முடியும்."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"பட்டுனு சொல்லிடறதுதானே நம்ம பழக்கம்."

"நம்ம பழக்கம்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். யெல்மரின் குரல் மேலே கேட்டது:

"வரமாட்டானாமா? அப்ப இந்த மெழுகுவத்தியெல்லாம் யாரு ஊதறது?"

"நான் ஊதறேன் விடு," என்றாள் அபேனா.

தோர்னிகே படிக்கட்டுவரை ஓடினான். கைப்பிடியைப் பிடித்தான். நின்றான். குறித்த தேதியை மாற்றுவதா? அவன் அறைக்குத் திரும்பி, ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்றான்.

மறுநாள் காலை நாட்காட்டியில் அவன் பெயர் இருந்தது. பதினான்கில் அல்ல, இருபத்தொன்றில். "தோர்னிகே, ஆறு முதல் ஏழரை வரை." அதன் கீழே யெல்மரின் கோழிக்கிறுக்கல்: "பிறந்தநாள்காரன்தான் கேக் கொண்டுவரணும். நம்ம பழக்கம்."

அவன் கேக் கொண்டுபோனான். ஏழரைக்கு எழுந்தும் வந்தான். தேதியை மட்டும் யாரையும் திருத்தச் சொல்லவில்லை. அன்றிலிருந்து வருடாவருடம் ஒரு வாரம் தாமதமாகவே பிறந்துகொண்டிருக்கிறான்.

சிரிக்கிறீர்களா? நல்லது. வெளியூரில் ஆறே மாதம் இருந்துவிட்டு, "அங்கெல்லாம் இப்படிச் செய்யமாட்டாங்க" என்று உறவினர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தவர் யார்? ஞாபகம் இல்லையா? எதற்கும் நீங்கள் பிறந்த தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.