பூனைக்கு மறுமதிப்பீடு

"ரெண்டு கோடு விழுந்திருக்கு சார். ரத்தத்துல லுகேமியா கிருமி இருக்கு" என்றார் கால்நடை டாக்டர் கிருபைராஜ்.

மேஜைமேல் கோமு என்கிற சாம்பல் வரிப் பூனை, யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல் காலை நக்கிக்கொண்டிருந்தது. ஆவுடைநாயகத்துக்குத்தான் சுர்ரென்று ஏறியது. அவர் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். பதினெட்டு வருடமாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள் திருத்துகிறவர்.

"ஒத்தத் தடவ பாத்துட்டு பெயில் போடுதீரே டாக்டர்."

"மெட்ராஸ்லேருந்து புதுசா வந்த சோதனை சார். மத்த பூனைக்கும் எச்சில்ல பரவும். ஒரு ஊசி போட்டு முடிச்சிருததுதான் நல்லது. ஒரு வாரத்துல சொல்லுங்க."

வீட்டில் ஞானம்பாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை கோமுதான். கணவரும் பேசுவார், ஆனால் அது பாடம் நடத்துவதுபோல் இருக்கும்.

"ஊசி போட விடமாட்டேன்" என்றாள்.

"அழாத. மறுமதிப்பீடு பண்ணிருவோம். நான்னு தெரிஞ்சா அவரு பழைய மார்க்கையே போடுவாரு. அதனால டம்மி நம்பர்."

பரீட்சைத் தாளில் பெயரை மறைத்து ஒட்டுகிற பொய் நம்பர் அது. யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. இந்த யோசனையில் அவருக்கே அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

நாலாம் நாள் ஞானம்பாளே பூனையைக் கூடையில் வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

"வழியில தொறந்திராதீங்க. ஓடிரும்."

டாக்டர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, வாத்தியார் 417 என்று சீட்டு ஒட்டிக் கூடையைக் கம்பவுண்டரிடம் கொடுத்தார். ரத்தம் எடுத்தார்கள். வாத்தியார் வெளியே மாட்டுக்கொட்டகைப் பக்கம் மறைந்து நின்றார். ஒரு கன்றுக்குட்டி அவர் வேட்டியைச் சப்பியது. அசையவில்லை.

"417க்கு ஒரு கோடுதான். நோய் இல்ல" என்ற டாக்டரின் குரல் கேட்டதும், முனை நனைந்த வேட்டியோடு உள்ளே பாய்ந்தார்.

"அதே பூனைதான்வே. அன்னைக்கு பெயிலு, இன்னைக்கு பாஸா?"

டாக்டருக்கு வேர்த்துவிட்டது. "சோதனை சில சமயம் தப்பும் சார். இன்னொரு தடவை..."

"வேண்டாம். மொதல்ல கேள்வித்தாளே தப்பான்னு பாக்கணும். நோயே இல்லாத பூனை ஒண்ணு கொண்டாரேன். அதுக்கு என்ன காட்டுதுன்னு பாப்போம்."

நோயில்லாத பூனைக்கு அவர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆபிதா பீவியிடமும் கோமுவோடு பிறந்த சாம்பல் வரிப் பூனை ஒன்று உண்டு. தினமும் மீன் தின்று கொழுத்தது. மறுநாள் ஆபிதா பீவி மேலப்பாளையத்துக்குப் போயிருந்தாள். கேட்க ஆளில்லை. வாத்தியார் வாழ்நாளில் முதல் முறையாக அடுத்தவர் கொல்லைக்குள் குதித்தார். ஒரு செருப்பு சாக்கடையில் போயிற்று. பூனை மட்டும் பதவிசாக வந்து கூடையில் ஏறிக்கொண்டது.

பத்து நிமிடத்தில் ரெண்டு கோடு.

"பாத்தீரா? மீனு தின்னு யானை மாதிரி இருக்குத பூனைக்கு லுகேமியாவாம். ஊசி போட்டுருவீரா?"

ஆஸ்பத்திரியில் ஆடு மாடு கொண்டுவந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். டாக்டர் கிருபைராஜ் நல்ல மனுஷன். கோமுவுக்கு நோய் என்று எழுதி வைத்திருந்த சீட்டை எல்லோர் முன்னாலும் கிழித்தார். மிச்சமிருந்த பதினோரு சோதனைப் பெட்டிகளையும் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"என்னை மன்னிச்சிருங்க சார். என் தீர்ப்பு தப்பு. ஒரு உசுர எடுத்திருப்பேன்."

வாத்தியாருக்கு நெஞ்சு விம்மியது. ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினார். கண்டக்டரிடம்கூட விவரம் சொன்னார்.

"ஞானம், ஜெயிச்சாச்சு. ஆபிதா பூனைக்கும் ரெண்டு கோடு. சோதனையே பொய்யி."

ஞானம்பாள் சந்தோஷப்படவில்லை. கூடையைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பைய உட்கார்ந்தாள். சந்தோஷ மயக்கம் என்று நினைத்துக்கொண்டு வாத்தியார் பக்கத்து வீட்டுக்கு நடந்தார். ஆபிதா பீவி திரும்பி வந்திருந்தாள்.

"கேக்காம எடுத்துட்டுப் போயிட்டேன் தாயி. இந்தா ஒம் பூனை."

ஆபிதா பீவி துண்டை விலக்கிப் பார்த்தாள்.

"இது ஒங்க கோமுல்லா சார்? டாக்டர் ஊசி போட்டுருவாருன்னு பயந்து, அக்கா அன்னைக்கு ராவே இத எங்கிட்ட ஒளிச்சு வச்சிட்டு, எம் பூனையல்லா ஒங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாவ."