எல்லா அழுத்தமும் ஒரே விலை

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

போன மாதம்வரை உன்னை 'டேய் மச்சான்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என் மனைவி உன் வீட்டில் தங்கியிருப்பதால் 'அவர்கள்' போட்டிருக்கிறேன். அவள் திரும்பி வந்ததும் பழையபடி டேய்தான். இங்கே நானும் கடையும் நலம். அங்கே நீயும், உன் வீட்டாரும், உன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் என் வீட்டாரும் நலமாக இருக்கவேண்டும். கையெழுத்தைக் கவனித்தாயா? குண்டு குண்டாக, வரி பிசகாமல் வந்திருக்கிறது. கோழி கிளறிய மாதிரி எழுதுகிறேன் என்று கேலி செய்வாயே, அந்தக் கைதான். வலியுள்ள கை இப்படி எழுதுமா என்று உன் அக்காவிடம் காட்டிக் கேள்.

அவள் பெட்டியைக் கட்டிய கதை உனக்கு அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். கடைப் பரணிலிருந்து ஒரு இரட்டை மெத்தையை இறக்கும்போது மெத்தை கீழே விழுந்தது. நானும் அதோடு கூட வந்தேன், அவ்வளவுதான். பார்த்தது நம் கடையில் கணக்கு எழுதுகிற பெரியவர் ஒருவர்தான். அவர் வாயில் விரலை விட்டாலும் ஒரு சொல் வராது. 'ஒரு முறை படுத்தால் முதுகுவலி பறக்கும்' என்று வாசலில் பலகை வைத்து வியாபாரம் செய்கிறவன், தோளைப் பிடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தால் எவன் வாங்குவான்? ஆகவே நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. ஒரு காலையில் மேல்தட்டில் இருந்த டப்பாவை எடுக்க நான் இடது கையை நீட்டியதை அவள் பார்த்துவிட்டாள்.

"தோள்ல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அப்போ வலது கை ஏன் மேல போகல?"

"மேல அதுக்கு என்ன வேலை?"

இதில் என்ன தப்பு, நீயே சொல். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க வாயில 'ஒண்ணுமில்ல'யத் தவிர வேற எதுவும் கேட்டதில்ல. அன்னிக்கு ராத்திரி காய்ச்சல்ல உடம்பு தூக்கிப் போட்டப்பவும் ஒண்ணுமில்ல. உங்க அம்மா போனப்பவும் ஒண்ணுமில்ல. கடைக்கு வர்றவன்கிட்ட மறைங்க, நான் என்ன மெத்தை வாங்கவா வந்தேன்? வலிக்குதுன்னு ஒரு வார்த்தை உங்க வாயால வரட்டும், அப்புறம் நான் வர்றேன்" என்றாள். போய்விட்டாள். போனவள் சும்மா இருந்தாளா? உன் வீட்டுத் தொலைபேசியிலிருந்தே என் பெயருக்கு ஒரு மசாஜும், அதன் முதுகோடு ஒட்டிய எனர்ஜி சிகிச்சையும் ஏற்பாடு பண்ணிவிட்டு, போய்வந்து விவரம் எழுதச் சொல்லியிருக்கிறாள். உனக்கும் இடுப்பில் பிடிப்பு, நீயும் போகலாமா என்று யோசிக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஆகவே பட்டதைப் பட்டபடி எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்.

முதலில் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டு ஆயிரம் கேள்வி கேட்பாள். உள்ளே வந்தபின் அலைபேசியை அணைக்கவேண்டும், வருவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, சீக்கிரமே வந்து உட்காரவேண்டும், வராவிட்டால் முதல் நாளே சொல்லவேண்டும். இவ்வளவு நிபந்தனை போட்டு நான் ஒரு தலையணைகூட விற்றதில்லை. "எங்க சார் வலி?" என்றாள். "எங்கயும் இல்லம்மா" என்றேன். "அப்போ எதுக்கு சார் வர்றீங்க?" "வீட்ல சொன்னாங்க." அவள் சிரிப்பை அடக்கியது கேட்டது. "அழுத்தம் எப்படி வேணும் சார்? மெதுவாவா, நடுத்தரமா, பலமாவா?" இந்த இடத்தில்தான் மச்சான் நான் கவிழ்ந்தேன். "பலமா கொடுத்தா ரேட் கூடுமா?" என்று கேட்டேன். "இல்ல சார், எல்லாம் ஒரே ரேட்தான்." ஒரே விலைக்கு எடை அதிகமான சரக்கு கிடைக்கும்போது குறைந்ததை எடுக்க நான் என்ன மூளை கழன்றவனா? "அப்போ பலமானதையே போடும்மா" என்றேன். அதன் பலனைக் கேள்.

போன இடத்தில் செருப்பைக் கழற்ற வைத்து, பட்டப்பகலில் திரை போட்டு இருட்டாக்கிய அறையில் உட்கார வைத்தார்கள். மனம் அமைதியாக வேண்டுமாம், அதற்காக எங்கேயோ தண்ணீர் சலசலவென்று ஓடுகிற சத்தம். எனக்கு அமைதி வரவில்லை, வேறொன்று வந்தது. இரண்டு தடவை எழுந்து போய்வந்தேன். அப்புறம் மசாஜ்காரர் வந்தார். ஆள் பீரோ மாதிரி, கை ஒவ்வொன்றும் தலையணை அளவு, குரல் மட்டும் தொட்டில் பிள்ளையைத் தூங்க வைக்கிற குரல். "உங்களுக்கு எவ்வளவு சௌகரியமோ அவ்வளவு கழட்டினா போதும், துண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். என் சௌகரியம் சட்டையோடு வீட்டுக்குப் போவதுதான். ஆனாலும் கழற்றத் தொடங்கினேன். அவர் கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தபோது ஒரு கை வெளியிலும், ஒரு கை சட்டைக்குள்ளும், தலை துணிக்குள்ளுமாக நின்றுகொண்டிருந்தேன். "உதவட்டுமா?" என்றார். "வேண்டாம், நான் எப்பவும் இப்படித்தான் கழட்டுவேன்" என்றேன். நேரே வந்து கழற்றிவிட்டார்.

அந்தப் படுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. படுப்பதற்கு முன் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன், பழக்க தோஷம். மட்டமான ஃபோம், ஓரத்துத் தையல் பிரிந்திருக்கிறது, போதாததற்குத் தலைமாட்டில் ஒரு ஓட்டை. ஓட்டை போட்ட மெத்தையை நான் விற்றால் வாங்கினவன் அதை என் தலையிலேயே மாட்டிவிட்டுப் போவான். இங்கே அந்த ஓட்டைக்குள் முகத்தை வைத்துக் குப்புறப் படுக்கவேண்டும். கீழே தரையும் மசாஜ்காரரின் கால்விரல்களும்தான் தெரியும். "மொத்தமா மாத்துறதா இருந்தா நம்ம கடைக்கு வாங்க, நல்ல சரக்கா பார்த்துத் தர்றேன்" என்று ஓட்டை வழியாகச் சொன்னேன். "மூச்சை நல்லா இழுத்து விடுங்க சார்" என்றார்.

"வலிச்சா உடனே சொல்லணும், சரியா?" என்று சொல்லிவிட்டு எண்ணெயைத் தேய்த்து ஆரம்பித்தார். நமக்கு எங்கே அழுத்தினால் உறைக்கும் என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் வியாபாரம் போச்சு. கொள்முதலுக்குப் போகிற இடத்தில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பழகினவன் நான். முகம் ஓட்டைக்குள் இருக்கிறது, பார்க்க ஒரு ஆளில்லை, ஆனாலும் கல்லாகத்தான் வைத்திருந்தேன். "இங்க வலிக்குதா?" "இல்ல." இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "இங்க?" "சுகமா இருக்கு." முழங்கையை எடுத்தார். "இங்க எப்படி சார்?" "இதான் உங்க பலமா?" என்று நானே கேட்டேன் மச்சான். என் நாக்கை என்ன செய்தால் தகும்! அதற்குமேல் அவர் அந்தத் தோளில் செய்ததை எழுதினால் கடிதத்தைத் தபாலில் சேர்க்கமாட்டார்கள். ஒரு கட்டத்தில் ஓட்டை வழியாக ஏதோ சொட்டி அவர் கால் பெருவிரலில் விழுந்தது. காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "சளி" என்றேன். அடுத்த சொட்டும் விழுந்தது. அவர் காலை மெதுவாகப் பழைய இடத்திலேயே வைத்தார். கையின் பலம் குறைந்தது. "இப்போ சொல்றீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

அடுத்தது எனர்ஜி. இதற்கு ஒரு அம்மா. சாந்தமான முகம், எண்ணெய் வாசனை இல்லாத ஆள். மல்லாக்கப் படுக்கவைத்து, என் உடம்புக்கு மேலே அந்தரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். காத்திருந்தேன். கை இறங்கவில்லை. "அம்மா, இன்னும் கொஞ்சம் இறக்கலாம்" என்றேன். "இது இவ்வளவுதாங்க, தொடமாட்டோம்" என்றார். இப்போதுதான் ஒருவர் தொட்டுத் தொட்டு என்னைத் துவைத்துவிட்டுப் போனார், இவர் தொடாமலே அதே விலை. மெத்தைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போகிறவனிடம் நான் காசு கேட்க முடியுமா? கொஞ்ச நேரம் கழித்து, "தோள்ல ஏதோ சூடா நிக்குது" என்றார். "கடையில ஃபேன் ஓடல" என்றேன். "யார்கிட்டயோ ஏதோ சொல்லாம வச்சிருக்கீங்க." இந்த வித்தையெல்லாம் நமக்குத் தெரியாதா? கடைப்படி ஏறுகிற ஒவ்வொருவனிடமும் "உங்களுக்கு முதுகு சரியில்லையே" என்றுதான் நானும் ஆரம்பிக்கிறேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் வாயைப் பிளப்பார்கள். நான் பிளக்கவில்லை. ஆனால் கண்ணை மூடினது நினைவிருக்கிறது, அதற்கப்புறம் என் குறட்டைச் சத்தத்தில் நானே விழித்துக்கொண்டதுதான் நினைவிருக்கிறது. அந்தக் கேவலமான ஃபோமில் தூங்கியிருக்கிறேன். வீட்டில் என் கடையிலேயே உயர்ந்த ஸ்பிரிங் மெத்தை, இரண்டு பேர் தாராளமாகப் படுக்கிற அளவு, அதில் தூக்கம் வருவதில்லை. அதன் தரத்தில் குறை இல்லை. உன் அக்கா படுக்கிற பக்கத்தில் விழுந்திருந்த பள்ளம்கூட நாளுக்கு நாள் மேலேறி வருகிறது. ஆள் எழுந்துபோனால் தடம் தெரியாமல் பழைய நிலைக்கு வருவதுதான் நல்ல மெத்தைக்கு அடையாளம் என்று வாடிக்கையாளரிடம் நானே அடித்துச் சொல்வேன். சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, "இன்னிக்கு அழுகை வந்தா வரட்டும், அடக்காதீங்க. தனியா மட்டும் இருக்க வேண்டாம். வீட்ல ஆள் இருக்காங்கல்ல?" என்று கேட்டார். "இருக்காங்க" என்றேன். நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதுபோல் வேகமாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே நீ போவதானால் மெதுவான அழுத்தம் கேள், சுலபமாகக் கழற்றுகிற சட்டை போட்டுப் போ, தண்ணீர் குடிக்காமல் போ. மற்றபடி பயமில்லை. என் தோள் முழுக்கக் குணமாகிவிட்டது. எங்கும் வலி இல்லை. உன் அக்காவிடம் இதைச் சொல். அவசரம் ஒன்றுமில்லை, இருந்து ஓய்வெடுத்து அவள் நிதானமாக வரட்டும். வீட்டில் எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. உன் பிள்ளைகளுக்கு அத்தையும் மாமாவும் சேர்ந்து ஆசீர்வாதம் சொல்வதாக வைத்துக்கொள். அத்தை அங்கேயே இருப்பதால் அவள் பங்கை நேரில் வாங்கிக்கொள்ளச் சொல். உன் தொழிலும் உன் இடுப்பும் மேன்மேலும் உறுதிப்பட வாழ்த்தும்,

உன் அக்காவின் கணவன்.

பின்குறிப்பு: கோழி கிளறினதுபோல் இருக்கிறதா? இது என் இடது கை. மேலே உள்ள முத்துமுத்தான எழுத்து நம் கணக்கர் பெரியவருடையது, நான் சொல்லச் சொல்ல எழுதியது. 'எங்கும் வலி இல்லை' என்ற இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, "இதையும் எழுதணுமாய்யா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து வார்த்தை வந்து நான் இன்றுதான் பார்க்கிறேன். எழுதும் ஐயா என்று அதட்டினேன். அவரைத் தபால்தலை வாங்க அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன். வலது கையால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. அன்று மசாஜ்காரர் மாட்டிவிட்ட சட்டையைக் கழற்ற ஆளில்லாமல் அதோடுதான் கடைக்குப் போய் வருகிறேன். காலையில் எழுந்ததும் அவள் பக்கத்து மெத்தையை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன், பள்ளம் நிற்கமாட்டேன் என்கிறது. முன்பக்கம் எழுதியதையெல்லாம் விட்டுவிடு. இதை மட்டும் அவளுக்குச் சத்தமாகப் படி: வலிக்குது. ரொம்ப வலிக்குது. அவள் சொன்ன விலை அதுதான், நான் பேரம் பேசவில்லை.