கொதிக்க வைத்த உறைமோர்

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை
1934, தை மாதம்

சிரஞ்சீவி தம்பி மாணிக்கத்துக்கு அக்கா ருக்குமணியின் ஆசி. நீயும் உன் வைத்தியப் படிப்பும் சென்னையில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போன மாதம் வந்தபோது, பச்சைப்பாலில் கிருமிகள் கோடிக்கணக்கில் நீந்துகின்றன, எதையும் கொதிக்க வைக்காமல் வாயில் வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாயே, அன்று போன தூக்கம் எனக்கு இன்னும் திரும்பவில்லை. மலைக்காய்ச்சலில் கிடந்து எழுந்த உன் மாமாவுக்குத் தயிர்ச்சோறு தவிர எதுவும் இறங்காது என்பதால், பாலைக் காய்ச்சினேன், சட்டியைக் கொதிநீரில் போட்டேன், உறைமோரில் மட்டும் கிருமி இருக்காதா என்று அதையும் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பாலில் ஊற்றினேன். மறுநாள் அந்திவரை பால் பாலாகவே இருந்தது. அடுத்த வீட்டுச் சென்னம்மாளிடம் ஒரு கரண்டி உறைமோர் கேட்க ஓடினேன்.

"ஏனுங்க, வெளக்கு வெச்சப்பறம் மோர் குடுப்பாங்களா? லச்சுமி போயிருவாளுங்க" என்றாள்.

காலேஜில் படித்தவள் அல்லவா, மூடநம்பிக்கை பற்றி அவளுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். காலையில் மறுபடி போனால் வெள்ளிக்கிழமையாம், அன்றும் கொடுக்க மாட்டாளாம். உன் மாமா வெறும் சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், கண் உள்ளே போய்விட்டது. இந்தக் கலவரத்தில் ஒரு வேளைப் பாலைக் காய்ச்ச மறந்து அடுப்படி மூலையில் விட்டிருக்கிறேன். அது உறை ஊற்றாமல் தானே கட்டித்தயிராகிவிட்டதடா! நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் உன் மாமா பாதிச் சட்டியைக் காலி செய்துவிட்டார்.

"ஐயோ, அது பச்சப்பாலுங்க! அத்தனையும் கிருமிங்க!"

"இத்தன ருசியான கிருமிய இத்தன நாளா எங்க புள்ள ஒளிச்சு வெச்சிருந்த? இன்னொரு கரண்டி போடு."

அப்போதிலிருந்து என் கை அவர் நெற்றியிலேயே இருக்கிறது. சுட்டால் ஏன் சுடுகிறது என்றும், குளிர்ந்தால் ஏன் குளிர்கிறது என்றும் நடுங்குகிறேன். "கைய எடு, உங்கையாலதான் எனக்குக் காச்ச வரப்போவுது" என்கிறார். இந்த மலையில் அவரை விட்டால் எனக்கு யாரடா இருக்கிறார்கள்? மருந்துப்பெட்டியோடு உடனே புறப்படு. அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தையில், உன்னை மலைக்குத் தூக்கிவர, சின்னுசாமி டோலியோடு நிற்பான். வழியில் யார் வீட்டிலும் பால் குடித்துவிடாதே. நீ நூறாண்டு இருக்க வேண்டும்.

அன்புள்ள அக்கா,
ருக்குமணி

பி.கு.: காலம் தவறிய மழையில் தபால்காரர் வரவில்லை, கடிதம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. உன் மாமா எழுந்து நடமாடுகிறார், வேளை தவறாமல் சோறு கேட்கிறார். மிச்சத் தயிரிலிருந்துதான் இப்போது தினமும் உறை ஊற்றுகிறேன், நானும் சாப்பிடுகிறேன். நீ வர வேண்டாம். கிருமிகளில் நல்லவையும் உண்டா என்று மட்டும் உன் வாத்தியாரைக் கேட்டு எழுது. சற்று முன் சென்னம்மாள் வந்தாள், தயிர்ச்சட்டியைப் பூனை உருட்டிவிட்டதாம், ஒரு கரண்டி உறைமோர் வேண்டுமாம். விளக்கு வைத்தாயிற்று. கொடுக்கவில்லை.