ஐந்தடித் திருடனுக்கு வைத்த ஹாரன்

"பாம், பாம், பாம்" என்று மூன்று முறை கத்திவிட்டு கார் வாயை மூடிக்கொண்டது. இன்ஜின் அசையவே இல்லை.

ஸ்டியரிங்குக்கு அடியில் தலையும் கதவுக்கு வெளியே கால்களுமாகக் கிடந்த லோகேஸ்வரன், கையிலிருந்த ரிமோட்டை மறுபடி அமுக்கினார். மறுபடி மூன்று. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில், காலை எட்டரை மணிக்குள் இது பதினோராவது தடவை. எண்ணியவர்கள் இருக்கிறார்கள். அடுத்தவர் வீட்டு ஹாரனை எண்ண அந்தக் கட்டடத்தில் என்றைக்கும் ஆள் பஞ்சம் வந்ததில்லை.

"இந்தச் சனியன் என்னைப் பாத்து சிரிக்குது லா!" என்று காருக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது.

பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி பிரேமா, "கடையில குடுத்து மாட்டியிருக்கலாம்" என்றாள்.

"கடையிலயா? பேக்டரியில ஒரு நாளைக்கு முந்நூறு சர்க்கியூட் போர்டு பாக்கிறவன் நான். நாலு வயரு மாட்டத் தெரியாதா எனக்கு? டார்ச்ச ஒழுங்காப் பிடி!"

விஷயம் இதுதான். லோகேஸ்வரன் விடியுமுன் பேக்டரி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். கார் நாள் முழுக்கச் சும்மா நிற்கும். நிற்க வேண்டும். ஆனால் இரண்டு மாதமாகப் பெட்ரோல் முள் தானாக இறங்கியது. சில நாள், அதைவிட மோசமாக, ஏறியும் இருந்தது. திருடிவிட்டு எண்ணெய் ஊற்றி வைக்கிற திருடன் மேல் அவருக்குக் கோபம் இரட்டிப்பானது. "எனக்கே பிச்சை போடுறானா?" என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

போதாததற்குப் பின் சீட்டில் கறிவேப்பிலை. ஓட்டுநர் சீட்டோ முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. லோகேஸ்வரன் டேப் வைத்து அளந்து பார்த்து, திருடன் ஐந்தடிக்கு மேல் இருக்க முடியாது என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து லிப்டில் குள்ளமாக யார் ஏறினாலும் அவர் முறைத்த முறைப்பில், நான்காம் மாடி தையல்காரர் படியேறிப் போகத் தொடங்கிவிட்டார்.

ஆகவே அலாரம். கூடவே, மாடியிலிருந்தே காரைக் கிளப்பும் ரிமோட். இணையத்தில் வாங்கி ஒளித்து வைத்திருந்தார். திருடனுக்குத் தகவல் போய்விடக் கூடாதென்று பிரேமாவிடம்கூட வாய் திறக்கவில்லை. இன்று பஸ்ஸை விட்டுவிட்டு அவர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியபோதுதான் அவளுக்கே தெரியும்.

"மூணு தடவ அடிச்சா என்ன அர்த்தம்னு புக்குல போட்டிருப்பான். இங்கிலீஷ் பக்கம் எங்க?"

"காத்துல பறந்துடுச்சு."

"காத்து எங்கடி அடிக்குது?"

"அப்ப அடிச்சிச்சு."

மிச்சமிருந்தது சீனப் பக்கம். அதில் ஒரு படம்: காருக்கு மேல் பெரிய பெருக்கல் குறி. லோகேஸ்வரன் அதைத் தன் மீதான தனிப்பட்ட கருத்தாக எடுத்துக்கொண்டார்.

"நா வேணா உள்ள உக்காந்து சாவியப் போட்டுப் பாக்கவா?" என்று பிரேமா கேட்டாள்.

"நீயா? கியரப் பாத்தாலே நடுங்குறவ."

"நடுங்குறேன்னு யாரு சொன்னா? நீங்கதான் ஸ்டியரிங்கத் தொட விட்டதில்ல. லைசன்ச வருசா வருசம் ரினியூ பண்றேன்ல."

"பண்ணி? போட்டோ நல்லா இருக்குன்னு வெச்சுக்க."

டார்ச் வெளிச்சம் ஒரு நிமிடம் நேராக அவர் கண்ணில் அடித்தது. தவறுதலாக என்றுதான் பிரேமா சொன்னாள்.

கார் பானெட் வாயைப் பிளந்து நின்றதால், அக்கம்பக்கம் ஒவ்வொருவராகச் சூழ்ந்துகொண்டது. காவலாளி ஹஸ்ருல் முதலில் வந்தான். மலாய்க்காரன், ஆனால் நிபோங் திபால் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவன். தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"அண்ணே, மஞ்ச வயர பச்சையோட சேருங்க. என் மச்சான் காடியில அப்படித்தான் பண்ணாங்க."

சேர்த்தார். நான்கு கதவுப் பூட்டும் குளிரில் பல் அடிப்பதுபோல் தடதடவென்று ஏறி இறங்கின.

"உன் மச்சான் காடி இப்ப ஓடுதா?"

"இல்லண்ணே. வித்துட்டாரு."

அடுத்து, ஐஸ் பெட்டியும் கையுமாக நின்ற ஷேக் அலாவுதீன். பசாரில் மீன் வாங்கி வந்து சமைத்துக் கடைக்குப் போடுகிறவர். "எர்த்து சரியில்ல தம்பி. கறுப்பக் கழட்டி கதவு நட்டுல கட்டுங்க" என்றார்.

கட்டினார். வைப்பர் கிளம்பியது. காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து அழுதது. நிறுத்த வழியில்லை.

கூடையை இடுப்பில் இடுக்கியிருந்த தனலெட்சுமி, "நீலத்தையும் அதோட சேத்து முறுக்குங்க தம்பி. நா வீடியோவுல பாத்தேன்" என்றாள்.

"நல்லாத் தெரியுமா அக்கா?"

"தெரியாமலா சொல்றேன்?"

முறுக்கினார். ரேடியோ முழுச் சத்தத்தில் அலறியது. கதவுகள் பல் அடிக்க, வைப்பர் அழ, நடுவில் லோகேஸ்வரன் காருக்குள்ளிருந்து நிமிர்ந்ததில் ஸ்டியரிங்கில் நெற்றி மோதி, ஹாரன் அதன் பங்குக்கு ஒருமுறை ஒலித்தது.

"போதும்!" நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் காய்ந்த மிளகாய் நிறத்தில் இருந்தது. "ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லி என் காடியக் கெடுக்கத்தான் வந்தீங்களா? காலையிலேர்ந்து கூடையும் பெட்டியுமா நிக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் வேலை வெட்டி இல்லையா?"

"இருக்கு தம்பி" என்று ஷேக் அலாவுதீன் பெருமூச்சு விட்டார். "அதுக்குத்தான் நிக்கிறோம்."

லோகேஸ்வரன் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. அடுத்தவர் பேச்சைக் கேட்டு மாட்டிய வயர்களையெல்லாம் வெறியோடு பிடுங்கினார். முதலில் தான் போட்டிருந்தபடியே ஒவ்வொன்றாக மறுபடி இணைத்தார். அரை மணி நேரம் பிடித்தது. எழுந்து நின்று ரிமோட்டை அமுக்கினார்.

பாம், பாம், பாம்.

"நாசமாப் போ!" என்று கத்தி, பானெட்டைப் பிடித்து ஓங்கி அறைந்து சாத்தினார். கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. கையிலிருந்த ரிமோட் அந்த வேகத்தில் அமுங்கியது.

கார் ஒரு செருமல் செருமியது. இன்ஜின் பூனைபோல் உறுமத் தொடங்கியது.

பானெட் திறந்திருந்தால் கிளம்பாது. அதைச் சொல்லத்தான் மூன்று ஹாரன். காற்றில்லாமலே பறந்துபோன அந்த இங்கிலீஷ் பக்கம் இதைத்தான் சொல்லியிருக்கும்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா லா?" லோகேஸ்வரன் ஒரு சுற்று சுற்றினார். ஒருவரும் கை தட்டவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். அவர் இன்ஜினை நிறுத்தி அலாரத்தைப் போட்டார். பெருமையில் காரைத் தட்டிக்கொடுக்கப் போய், அலாரம் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். "இனிமே எவனாவது தொடட்டும். கத்துற கத்துல கடல் பாலத்துல போறவன் பிரேக் போடுவான்."

"அண்ணே" என்றான் ஹஸ்ருல் மெதுவாக. "நீங்க நாளைக்கு வேலைக்குப் போனா ரிமோட்டு?"

"என் பாக்கெட்டுல! சாவியும் சேத்து. வேற எங்க?"

பிரேமா டார்ச்சை அணைத்தாள். தனலெட்சுமி அவள் தோளைத் தொட்டாள். இதுவும் லோகேஸ்வரன் கண்ணில் படவில்லை. ஏனென்றால் அந்த நேரம் லிப்ட் திறந்து முத்தம்மை ஆச்சி வந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் மாடிக்குக் குடிவந்து ஆறு வாரம்தான் ஆகிறது. லோகேஸ்வரன் அவரைப் பார்த்ததில்லை, அவரும் லோகேஸ்வரனைப் பார்த்ததில்லை. கஞ்சி போட்ட சேலை, தோளில் பை, கையில் பெரியாஸ்பத்திரி கண் டாக்டரின் அட்டை. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், தன் வீட்டுக் கதவைத் திறப்பதுபோல், காரின் இடது முன் கதவைப் பிடித்து இழுத்தார்.

அலாரம் வானத்தைக் கிழித்தது.

லோகேஸ்வரன் ஒரே பாய்ச்சலில் போய் ஆச்சியின் பையைப் பற்றினார். மேலும் கீழும் பார்த்தார். ஐந்தடிகூட இல்லை!

"ஆப்புட்டுக்கிட்டீங்களா! எண்ணெ ஊத்தி வெக்கிற ஆளு நீங்கதானா?"

ஆச்சி பதறவில்லை. அலாரம் ஓய்கிற வரை பொறுமையாகக் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, அவரை ஒரு பார்வை பார்த்துச் சொன்னார்:

"பைய விடுங்க தம்பி. பிரேமா காடிக்குப் புதுசா வர்றீங்களா? பெட்டியும் கூடையுமா இத்தன பேரு காத்துக்கிட்டு நிக்கிறாங்கல்ல, போய் வரிசையில கடைசியா நில்லுங்க."