அத்தை, உங்கள் கால் உடைந்துவிட்டது

ஆராவ்
புதன் இரவு, போர்வைக்குள்

அன்புள்ள டோரிஸ் அத்தைக்கு,

ரெகுலா எழுதுவது. பாசெலில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று தெரியும். அதுதான் இப்போது பிரச்சினை. தயவுசெய்து கொஞ்ச நாளைக்கு நலமாக இருக்க வேண்டாம். திங்கட்கிழமை நீங்கள் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டீர்கள். உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் என்னால் இன்று பள்ளிக்கு வர முடியவில்லை. சும்ஸ்டைன் சாரிடம் நேற்று கொடுத்த லீவு லெட்டரில் அப்படித்தான் இருக்கிறது. கீழே அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறது. அதைப் போட்டது அப்பா இல்லை.

திட்டாதீர்கள் அத்தை. கார்னிவல் பேட்ஜை எனக்கு அனுப்பியதே நீங்கள்தானே? அப்பா பெர்னில் மீட்டிங் என்று விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார், அம்மாவுக்கு வேலை, நான் பாசெலுக்கு ரயிலேறிவிட்டேன். மாவு சூப் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன், மேளக்காரர்களின் பின்னால் போய் வழி தவறினேன், கடைசியில் ஊர்வலத்தைக் கண்டுபிடித்தால் எதிர்ப்பக்கம் நீங்கள், இரண்டு காலாலும் குதித்துக்கொண்டிருந்தீர்கள். சும்ஸ்டைன் சார் பார்த்திருந்தால் என் கதி என்ன? நீங்கள் பார்த்துவிடக் கூடாதென்று ஒரு குண்டு மனிதரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். பேட்ஜைக்கூட யார் கண்ணிலும் படாமல் கோட்டுக்கு உள்பக்கம்தான் குத்தியிருந்தேன். அதுதான் வினையாகிவிட்டது: பேட்ஜ் குத்தாதவர்களை முகமூடிக்காரர்கள் சும்மா விடமாட்டார்களே. ஒரு வண்டியிலிருந்து பெரிய மூக்கும் பரட்டைத் தலையும் மரச்செருப்புமாக ஒரு முகமூடிக்காரர் இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"ஏய் குட்டி, பேட்ஜ் எங்க?" என்று கீச்சுக்குரலில் கேட்டார். "ஏன், உங்கப்பன் வாங்கித் தரமாட்டானா?"

முகமூடியிடம் எதையும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள்? சொல்லிவிட்டேன். "எங்கப்பாவா? அவர் சாக்ஸுக்கே இஸ்திரி போடுறவரு. சிரிச்சா அபராதம் போட்டுடுவாங்கன்னு பயப்படுற ஆளு!"

மூக்கு குனிந்து தன் காலைப் பார்த்தது. பிறகு என் காலரைப் பிடித்து இழுத்து, இரண்டு கை நிறையப் பச்சைக் காகிதத் துணுக்குகளை முதுகுக்குள் திணித்து, மேலே இன்னும் ஒரு கை திணித்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் கொடுத்துவிட்டுப் போனது.

அத்தை, அந்தப் பச்சை போகவே மாட்டேன் என்கிறது. ரயிலில் உதறினேன், ஸ்டேஷன் கழிப்பறையில் உதறினேன், குளித்தேன். இரவுச் சாப்பாட்டில் அம்மா என் தலையை உற்றுப் பார்த்தாள்.

"என்னடி அது?"

"பொடுகும்மா."

"பச்சைப் பொடுகா?"

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார், திரும்பி வந்து உருளைக்கிழங்கைத் தின்றார். போன் செய்தது சும்ஸ்டைன் சாராகத்தான் இருக்கும். இன்னொரு பொய் சொன்னால் மார்ச் பனிச்சறுக்கு முகாமுக்கு அனுப்பமாட்டேன் என்று கிறிஸ்துமஸிலேயே சொல்லியிருக்கிறார். வகுப்பில் எல்லோரும் போகிறார்கள். அதனால் அத்தை, யார் போன் செய்தாலும் வலிக்கிற மாதிரி பேசுங்கள். முடிந்தால் ஒரு கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இதை எழுதும்போதே காதிலிருந்து இரண்டு பச்சை விழுகிறது.

உங்கள் உடம்பு சீக்கிரம் குணமாகாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
ரெகுலா

பி.கு.: அத்தை, கடிதத்தை மடிக்கும்போது கதவு திறந்தது. அப்பா. கையில் துடைப்பம்.

"அம்மா எழுந்திருக்கறதுக்குள்ள பெருக்கிடலாம்" என்றார். முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் பெருக்கினார். பிறகு உட்கார்ந்து தன் சாக்ஸைக் கழற்றிக் குப்பையின் மேல் உதறினார். பச்சை. ஒரு கைப்பிடி இருக்கும்.

"பெர்ன் மீட்டிங் எப்படிப்பா இருந்துச்சு?" என்றேன்.

"கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. சாக்ஸுக்கு இஸ்திரி போட்டாத்தான் மரச்செருப்பு உறுத்தாது, தெரிஞ்சுக்கோ." எழுந்தார். "உங்க சார் போன் பண்ணாரு. எந்தக் கால்னு கேட்டாரு. இடதுன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு."

"அப்போ முகாம்?"

"பெர்ன் பத்தி அம்மாகிட்ட பேசுவியா?"

"மாட்டேன்."

"அப்போ போயிட்டு வா."

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கட்டு வேண்டாம். ஆனால் யாராவது கேட்டால், இடது கால். அப்பா இன்னொன்றும் எழுதச் சொன்னார்: அந்தப் பெரிய மூக்கு முகமூடியை வழக்கம்போல உங்கள் நிலவறையில் ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டுமாம். அங்கே எலி இருக்கிறது, இறங்காதே என்று ஒவ்வொரு லீவிலும் என்னைப் பயமுறுத்தினீர்களே அத்தை! சாரிடம் சொல்லி வலது காலையும் சேர்த்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.