பித்றா மூட்டை

ஐந்தாவது மூட்டையோடு றிஸ்மியின் முழங்கால்கள் மடங்கின. லொறியில் ஏறவேண்டிய அரிசி அவருடைய நெஞ்சின்மேல் கிடந்தது.

மில் முதலாளி நல்லரெத்தினம் கைகொடுத்து எழுப்பினார்.

"தம்பி, மூட்டை இருபத்தஞ்சு கிலோ. நிக்காம இருபது ஏத்தோணும். தையல் கதிரையில இருந்த உடம்பு, ஏலாது."

"தையல் கடையப் பூட்டிட்டாங்க முதலாளி. ரெண்டு புள்ளையள். கொஞ்ச நாள் தவணை தாங்க."

"சரி. நோன்புப் பெருநாள் கழிஞ்சு நாப்பதாம் நாள் வா. அதுவரைக்கும் இடத்த வெச்சிருக்கன். மறுகா அடுத்த ஆளுக்குத்தான்."

உடல் வலுக்கும் விதம் எளிமையானது. தசைக்கு அது தாங்குவதைவிடச் சற்றுக் கூடுதலான பாரம் கொடுத்தால் மிக நுண்மையாகச் சேதப்படும். சாப்பாடும் உறக்கமும் கிடைத்தால் முன்பைவிட வலுவாகச் சரியாகும். பிறகு இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். இதற்கு இரும்பு வாங்க வேண்டியதில்லை. பாரமான எதுவும் போதும். றிஸ்மி இதைக் கைப்பேசியில் மூன்று தரம் பார்த்தார்.

முதலில் ஒரு கம்பின் இரு முனைகளிலும் தண்ணீர்க் கேன்களைக் கட்டினார். அரைக் கேன் தண்ணீர் அசையும். அசைந்தால் பாரம் ஒரு பக்கம் ஓடும். ஓடியது. கழன்ற கேன், வீட்டிலிருந்த ஒரே தையல் மெஷினின் மோட்டார்மேல் விழுந்து அதை உடைத்தது.

"வந்த சில்லறைத் தையலும் போச்சு," என்றாள் மனைவி ஸகியா.

"மணல் அசையாது," என்றார் றிஸ்மி.

கடற்கரை மணலைப் பழைய காற்சட்டைக் கால்களில் நிரப்பிக் கையால் தைத்தார். மணல் அசையவில்லை. மூன்றாம் நாள் மொத்தமாகக் கைநழுவி, நிலத்து மாபிள் கல்லை இரண்டாகப் பிளந்தது.

"இது என்ட வாப்பா சீதனமாத் தந்த ஊடு! உடைக்கிறதெண்டா உங்கட உம்மாட ஊட்டுல போய் உடையுங்க!"

பெருநாளுக்கு முதல் நாள் பள்ளிவாசலிலிருந்து பித்றா அரிசி வந்தது. ஊர்வீடுகள் ஏழைகளுக்கென்று அளந்து கொடுத்தது. சம்பாவும் நாட்டரிசியும் கலந்து சரியாக இருபத்தைந்து கிலோ. மில் மூட்டையின் அதே பாரம்! றிஸ்மி மூட்டையின் வாயைச் சிவப்பு நூலால் இரட்டைத் தையல் போட்டு மூடினார்.

"இஞ்சேருங்க, அது திங்கத் தந்த அரிசி."

"நாப்பது நாளைக்கு ஒருத்தரும் கைவெக்கக் கூடா. பாரம் குறைஞ்சா எல்லாம் பிழைச்சிடும்."

"அதுவரைக்கும் நான் என்னத்த ஆக்குற?"

"அல்லாஹ் தருவான்."

முதல் நாள் ஐந்து தரம் தூக்கினார். பத்தாம் நாள் ஒன்பது. பாரம் தூக்கினால் பசி கூடும். தசையைத் திருத்த உடம்பு கேட்கும் கூலி அது. றிஸ்மி இரண்டு கோப்பை சோறு தின்றார். பிறகு மூன்று.

"ஸகியா, சோத்துக்கு அரிசி எங்கால?"

"அல்லாஹ் தாறான். தின்னுங்க."

அல்லாஹ்வின்மேல் றிஸ்மிக்கு ஈமானும் கூடியது. இருபதாம் நாள் பதினெட்டு. முப்பதாம் நாள் நாற்பது. கடைசிக் கிழமை மூட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். மகள் பஸ்னா கைதட்டினாள்.

"பார்த்தியா ஸகியா? நீதான் நம்பல்ல."

"கடை பூட்டின நாளைக்குப் பிறகு இப்பதான் சிரிக்கிறீங்க," என்றுவிட்டு அவள் அடுப்படிக்குள் போனாள்.

நாற்பதாம் நாள், மில்லில் ஏழாவது மூட்டையோடு றிஸ்மி நிலத்தில் குந்திவிட்டார்.

"உங்கட மூட்டையில பாரம் கூட, முதலாளி!"

தராசில் வைத்தார்கள். இருபத்தைந்து.

"அப்ப தராசு பிழை. நிண்டுக்கங்க, என்ட மூட்டையக் கொண்டாறன்."

ஓட்டோவில் போய்க் கொண்டுவந்தார். எல்லோரும் பார்க்க, ஒற்றைக் கையால் தூக்கித் தராசில் போட்டார். முள் எட்டுக் கிலோவில் நின்றது.

"பார்த்தீங்களா, தராசு பிழை எண்டு நான் சொல்லல்லையா?"

நல்லரெத்தினம் வாசலில் காத்திருந்த அடுத்த ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

குணம் என்ற தராசுக்காரன் மூட்டையைப் புரட்டினான். வாயில் சிவப்புத் தையல் அப்படியே இருந்தது. அடியில், கோணல்மாணலாக வெள்ளை நூல் ஓடியிருந்தது. அதைப் பிரித்தான். கொஞ்சம் அரிசியும், அதன் பின்னால் நிற்காமல் உமியும் கொட்டின.

குணம் ஒரு பிடி உமியை அள்ளி ஊதிப் பார்த்தான்.

"இது நம்மட மில் உமிதானே, றிஸ்மி காக்கா! உங்கட மனிசி கிழமைக்கு ஒரு பை அள்ளிட்டுப் போறவ. நாங்க நினைச்சம், ஊட்டுல கோழி வளக்கிறா எண்டு."